பதினெட்டாவது மேசை

— முதல்ல உக்காருங்கம்மா. நின்னுக்கிட்டே சண்டை போட்டா, அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது.

— உக்கார நேரமில்ல டீச்சர். ஆஸ்பத்திரித் துணியை மெஷின்ல போட்டுட்டு அப்படியே ஓடி வந்திருக்கேன். திரும்பலேன்னா சூப்பர்வைசர் குதிப்பான். படிப்புல பதினெட்டாவது படியில இருக்கிற என் பொண்ணைப் பதினாலுக்கு எறக்கப் போறீங்களாமே? கதையா இது?

— நான் எறக்கலம்மா. கம்ப்யூட்டர் எறக்கச் சொல்லுது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். இந்த ஸ்கிரீனைப் பாருங்க. சிவப்பெல்லாம் இந்த மாசம் அவ தப்பாப் போட்டது.

— ஐயையோ, ரத்தக்களறியா இருக்கே! எல்லாம் அந்த போனாலதான். மார்க் குறையுதுன்னு மெசேஜ் வந்த அன்னைக்கே புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். யாரோடயும் பேச்சு வார்த்தை கிடையாது, படிப்பு மட்டும்தான்னுட்டேன். அப்படியும் தேறலையே பாவி!

— சிவப்பை விடுங்க. அவ என்ன எழுதியிருக்கான்னு படிங்க. பன்னெண்டைப் பன்னெண்டால பெருக்கினா?

— நூத்தி நாப்பத்தி நாலு. எங்களுக்கெல்லாம் முட்டியில அடிச்சுச் சொல்லிக் குடுத்தது.

— அவ நூத்தி நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கா. தொண்ணூறுல பாதி, நாப்பத்தாறாம். அறுநூறை எட்டால வகுத்தா எழுவத்தஞ்சு வரணும். எழுவத்தாறுன்னு இருக்கு.

— ஒண்ணு கூட, ஒண்ணு கூட... எல்லாத்துலயும் ஒண்ணு கூட இருக்கே.

— தெரியாதவ எப்படிம்மா ஒவ்வொரு தடவையும் கரெக்டா ஒண்ணே ஒண்ணு கூட்டிப் போடுவா? அத்தனையையும் சரியாப் போட்டுட்டு, அப்புறம் ஒண்ணு கூட்டியிருக்கா. கம்ப்யூட்டருக்குத் தப்புன்னா தப்பு, அவ்வளவுதான்.

— வேணும்னேவா செஞ்சிருக்கா? கொழுப்பைப் பாருங்களேன்! வீட்டுக்கு வரட்டும், தோலை உரிக்கிறேன்.

— உரிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். இந்தக் கண்ணாடி வழியா வகுப்பைப் பாருங்க. மேசைக்கு மேசை நம்பர் தொங்குதுல்ல? யார் எந்தப் படியோ, அந்த மேசை. பதினாலுல எத்தனை பேரு?

— எட்டு... ஒன்பது.

— பதினெட்டுல?

— ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கு. காலியா இருக்கு.

— அது உங்க பொண்ணோடது. இப்ப வராந்தாவுல நிக்கிறா, நீங்க என்ன சொல்லப் போறீங்களோன்னு. சாப்பாடு, விளையாட்டு, வேன், எல்லாமே படிக்குப் படி வேற நேரம். வகுப்புல காதுல ஹெட்போன். நாலு மாசமா அவ தனியாத்தான் சாப்பிடுறா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்!

— எப்படிச் சொல்லுவா? பதினெட்டு, பதினெட்டுன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தீங்களாம்.

— சொன்னேன்தான். லாண்டரியில துணி மடிக்கிற அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லிக்க?

— தப்புன்னு சொல்லலம்மா. நேத்து உக்கார வச்சுக் கேட்டேன். மெதுவா, “பதினாலுல சுருட்டை இருக்கா டீச்சர்”னா.

— சுருட்டையா? ஒண்ணாவதுலேர்ந்து ஒட்டிக்கிட்டே திரிஞ்ச பொண்ணு அது. அந்தப் பொண்ணுக்காகவா? அடிப் பைத்தியக்காரி... ஆமா, தனித்தனியாப் படிச்சாத்தான் வேகமாப் போகலாம்னு மீட்டிங்ல அவ்வளவு சொன்னீங்களே?

— வேகமாத்தான் போறாங்க. சொல்லிக் குடுக்குறதுல கம்ப்யூட்டர் என்னைவிடக் கெட்டி, ஒத்துக்கிறேன். அது வரட்டும், இருக்கட்டும். ஆனா எந்தப் படியா இருந்தாலும் ஒரே மேசையில உக்கார வைங்க, ஒருத்தியை ஒருத்தி கேட்டுக் கத்துக்கட்டும்னு மேலிடத்துக்கு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். பரிசீலிக்கிறோம்னு மூணு தடவையும் பதில் வந்துச்சு. நான் சாக்பீஸ் தொட்டு ரெண்டு வருஷமாச்சு. ஹெட்போன்ல சார்ஜ் இருக்கான்னு பாக்குறதுதான் இப்ப என் வேலை. காலையிலேர்ந்து என்கிட்ட பேசின முதல் ஆள் நீங்கதான். அதுவும் திட்டிக்கிட்டே.

— ஐயோ, மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். இப்ப நான் என்ன செய்யட்டும்?

— ரெண்டு வழி இருக்கு. வேணும்னே செஞ்சான்னு நான் எழுதினா, சிவப்பெல்லாம் போயிடும். பதினெட்டுலயே இருப்பா. நீங்க கையெழுத்துப் போட்டா பதினாலு. ஆனா ஒண்ணு, பெத்தவங்க ஒத்துக்கிட்டு எறக்கிட்டா, வருஷம் முடியற வரைக்கும் யாராலயும் மாத்த முடியாது.

— மக்குன்னு சொல்லுவாங்களே எல்லாரும்.

— சொல்லுவாங்க.

— துணி மடிக்கிறவளுங்க சிரிப்பாளுங்க.

— சிரிப்பாங்க.

— சிரிச்சுட்டுப் போகட்டும். அவளுங்களா எம்பொண்ணு கூட உக்காந்து சாப்பிடப் போறாளுங்க? எங்க போடணும் கையெழுத்து?

— இந்தக் கட்டத்துல, விரலால.

— போட்டாச்சு. போகச் சொல்லுங்க உள்ள.

— பாப்பா, போம்மா! இனிமே பதினாலாவது மேசை.

— யம்மாடி, எப்படி ஓடுறா பாருங்க! போய் உக்காந்துட்டா. பக்கத்து நாற்காலியில பையை வச்சு இடம் புடிக்கிறா. சிரிக்கிறா டீச்சர்! இவ சிரிச்சு எத்தனை நாளாச்சு. ஆமா, சுருட்டையைக் காணோமே?

— அது காலையிலேர்ந்து பரீட்சை ரூம்ல இருக்கு. என்ன பரீட்சைன்னு எனக்கு யாரு சொல்றா? இருங்க, இந்த மாசத்துப் பட்டியல் இப்பத்தான் வருது... ஐயோ.

— என்ன டீச்சர்?

— தாவல் பரீட்சைம்மா. நடுவுல இருக்கிற படியை விட்டுட்டு நேரா மேல போறதுக்கு எழுதுறது. ஒரு மாசமா வீட்டுல உக்காந்து தனியாவே படிச்சிருக்கு. பாஸாயிடுச்சு.

— எந்தப் படிக்கு? ஏன் டீச்சர் முகம் இப்படி ஆயிடுச்சு? அந்தா, சுருட்டை முடியோட ஒரு பொண்ணு உள்ள வருது... பதினாலாவது மேசைப் பக்கம் திரும்பவே இல்லையே... எங்க போகுது அது?

— அந்தப் பரீட்சை விண்ணப்பத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், யாரும் எழுத மாட்டாங்க. இது எழுதியிருக்கும்மா: “பதினெட்டுல என் ஃபிரண்டு தனியா இருக்கா.”