காலாவதியான வேதியியல்

பனி கொட்டியும் கூட்டம் குறையாத இவ்வரங்கின் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் டாக்டர் ரோசலிண்ட் கெட்னர் அவர்களே! எங்கள் கைநடுக்கம் கண்டும் ஊசியை எங்களிடமே கொடுத்த துணிச்சல்மிக்க ஆசிரியர்களே! "இருக்கிற வேலைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவிய வாழ்க்கைத் துணைகளே! பெற்றெடுத்த அன்னையரே! இன்று செவிலியர் சின்னம் சூடும் தோழர்களே! டுலூத் நகரப் பெருமக்களே, வணக்கம்!

வாழ்த்துரை வழங்கத்தான் அழைத்தார்கள். வாழ்த்துவேன். அதற்குமுன் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன்.

யார் நாங்கள்? வங்கியில் இருந்தவர், வயலின் வாசித்தவர் என்று வேறு துறைகளில் பட்டம் வாங்கிவிட்டுச் செவிலியர் முதுகலைக்கு வந்தவர்கள். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஒருநாள் ஆய்வகத்தில் ஒரு மாணவி வலிப்பு வந்து விழுந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிச் செவிலி ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார், பிள்ளை பிழைத்தாள். அந்தச் செவிலியாக நான் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

விண்ணப்பித்தேன். சேர்க்கைப் பிரிவு அம்மணி சொன்னார்:

"உங்க கெமிஸ்ட்ரி காலாவதி ஆயிடுச்சு மேடம். அஞ்சு வருஷத்துக்குள்ள படிச்சிருக்கணும்."

"தினமும் அதைத்தாங்க சொல்லிக்குடுக்கிறேன்!"

"சொல்லிக்குடுத்தா கணக்குல வராது. படிச்சிருக்கணும்."

காலாவதி! பாலா அது, பாட்டிலில் தேதி போட? நீரைவிட்டு ஹைட்ரஜன் நீங்கிவிட்டதா? உப்பைவிட்டு சோடியம் ஓய்வுபெற்றுவிட்டதா? (கைதட்டாதீர்கள் வெய்ன், என் கோபம் இன்னும் பாதிகூட வரவில்லை. அவர் என் கணவர், மன்னியுங்கள்.)

மாலைக் கல்லூரிக்கு ஓடினேன். வகுப்பு நிரம்பிவிட்டது. அங்கே இடமில்லை என்றால் இங்கே எனக்கு இடமில்லை! பலகை முன் நின்ற ஆசிரியர் திரும்பினார். யார்? நான் ஒருகாலத்தில் பெயிலாக்கிய கோரி லுண்ட்பெர்க்!

"ஹால்வர்சன் டீச்சர்! வழி தவறி வந்துட்டீங்களா?"

"படிக்க வந்திருக்கேன்ப்பா. சிரிக்காதே."

"சிரிக்கல டீச்சர். என் நாற்காலியிலயே உக்காருங்க. ஆனா லேட்டா வந்தா மார்க் குறைப்பேன், நீங்க குறைச்ச மாதிரியே!"

குறைத்தார், ஐயா! பனிப்புயல் அடித்த அன்றும் குறைத்தார்!

அந்தக் கோரி இதோ கடைசி வரிசையில் இருக்கிறார். படுத்த படுக்கையாய்க் கிடந்த தந்தையைப் பார்த்துக்கொண்ட அவருக்கும் செவிலியராக ஆசை. விண்ணப்பித்தார். என்ன பதில் வந்தது? அவருடைய வேதியியலும் காலாவதி! மீண்டும் படிக்க வேண்டுமாம். இந்த ஊரில் அந்த மாலை வகுப்பை எடுப்பவர் ஒரே ஒருவர். யார்? (சரியாகச் சொன்னீர்கள் அம்மா!) கோரியேதான்! தமக்குத் தாமே பாடம் நடத்துவாரா? தமக்குத் தாமே மார்க் குறைப்பாரா?

வார்டில் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, போக ஆளில்லை. வரத் துடிப்பவரோ வாசலில் நிற்கிறார். தலைவர் அவர்களே, ஆண்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்! தேர்வு வையுங்கள், தேறினால் சேர்த்துக்கொள்ளுங்கள்! தலையசைக்கிறீர்கள். இத்தனை பேரும் பார்த்துவிட்டோம்.

சின்னம் சூடும் தோழர்களே, உங்களுக்கு என் வாழ்த்துகள்! என் பொருமலைப் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

கோரி, எழுந்து நில்லப்பா. முதல்வர் வாயால் 'சரி' என்று சொல்லும்வரை உட்காராதே!