ஒரு விரல் தடிப்பு

புத்தகத்துக்குப் பிரவுன் பேப்பர் உறை போடுவதில் வெள்ளவத்தையில் என்னை வெல்ல ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைக்காதே, யதுஷா. முதலாம் வகுப்பில் இருந்து ஏ.எல். வரைக்கும் உன் புத்தகங்களுக்கு உறை போட்டுத் தந்தவள் நான்தான். ஒரு மூலையாவது கிளம்பியதா? உன் அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாலு பக்கமும் செலோடேப்பை ஒட்டிவிட்டு எழும்பிவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொட்டாஞ்சேனையில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். மேசையில் இரண்டு கோப்பை தேநீர் இருந்தது. ஒன்று காலி, மற்றது ததும்பத் ததும்ப ஆறிப்போய். "பெரியம்மா, ஆர் வந்தது?" என்று மட்டும் கேட்டாய். செருப்புத் தட்டில் உன் அம்மாவின் பழுப்புச் செருப்பு கிடந்ததையும் கண்டாய். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பதினொரு மாதமாகத் தாயைத் தேடுகிற பிள்ளைக்குத் தாயின் செருப்பு தெரியாமல் போகுமா? அதனால்தான் எழுதுகிறேன். பொலிஸில் கொடுக்க விரும்பினால் கொடு. இதை வாசித்துவிட்டு அவர்கள் என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு.

செருப்பை நான் எறியாமல் வைத்தது பாசத்தினால் அல்ல. நல்ல செருப்பு. எனக்கும் அளவு சரி.

ஆறின கோப்பை உன் அம்மப்பாவுடையது. அவர் செத்து ஒன்பது வருடமாகிறது என்பதை நீ எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

எங்கள் சாமியறை அலுமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது. அப்பாவுக்கு அவருடைய தகப்பனிடம் இருந்து வந்தது. ஒரு நேரத்தில் ஒருவரால்தான் அதை வாசிக்க முடியும். மற்றவர்களுக்கு எல்லாப் பக்கமும் வெள்ளை. வாசிக்கிறவர் போய்ச் சேர்ந்தால் அவருக்கென்று ஓர் அத்தியாயம் அதில் தானாக எழுதப்பட்டுவிடும். அடுத்தவர் அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தால் போனவர் வருவார். புத்தகத்தை மூடும்வரை கதிரையில் இருந்து கதைப்பார். பேய் பிசாசு என்று பயப்படாதே. சாரம் கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டு, சீனி குறைவாகத் தேத்தண்ணி கேட்கிற மனிதர்.

பக்கவாதம் வந்து அப்பா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். பம்பலப்பிட்டியில் நல்ல டைப்பிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன், துடைத்தேன், ஊட்டினேன். உன் அம்மா கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனையில் இருந்தாள். ஞாயிறு தோறும் தோடம்பழத்தோடு வந்து போவாள். கடைசிக் கிழமையில் அப்பா தலையணைக்குக் கீழே இருந்து அலுமாரித் திறப்பை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி அவளிடம் கொடுத்தார். "சுபோவுக்குக் குரல் நல்லம். உனக்குத் தொண்டை கரகரப்பு, நேசம்" என்று என் பேரைச் சொல்லியே சொன்னார். வாசிக்கிறவர் தன் கையால் கொடுத்தால் கொடுத்ததுதான். கொடுக்காமல் போனால் மட்டுமே மூத்த இரத்தத்துக்கு வரும்.

அன்றைக்கு வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சுபோதினி இங்கே வந்து வாசித்தாள். அக்காவைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் உனக்குத் தெரியும். அப்பா வருவார். நான் தேநீர் போட்டுக்கொண்டு போய் வைப்பேன். அவர் குடிப்பார், நல்லாயிருக்கு என்பார். அவளைப் பார்த்துத்தான் சொல்வார். உயிரோடு இருப்பவர்களில் வாசிக்கிறவரை மட்டும்தான் போனவர்களுக்குத் தெரியும். நான் அவருக்கு நேரே முழங்கால் இடிக்க இருந்தாலும் என்னூடாக ஜன்னலைத்தான் பார்ப்பார்.

உன் அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது. "அப்பா, அக்காவும் பக்கத்தில இருக்கிறா" என்று அவள் சொல்லுவாள். அவர் "ஓமோம்" என்பார், தபால்காரன் வந்து போனான் என்று கேட்டவர் மாதிரி. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அப்பாவிட்ட என்ன கேக்கோணும் எண்டு சொல்லுங்கோ, நான் கேட்டுச் சொல்லுறன்" என்றாள். என் அப்பாவிடம் எனக்காக அவள் கேட்டுச் சொல்லப் போகிறாளாம்! அன்று அவளுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்து கொடுத்தேன். இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

புத்தகத்தைப் பராமரித்தது யார் என்று கேள். நான்தான். வெயிலில் காயவைத்தது நான், பூச்சி உருண்டை வைத்தது நான், வருடா வருடம் சரஸ்வதி பூசைக்கு முதல் புது உறை போட்டது நான். ஒரு எழுத்தும் தெரியாத வெள்ளைப் பக்கங்களுக்கு.

சரஸ்வதி பூசைக்கு மற்றப் புத்தகங்களோடு அதையும் பட்டுத்துணி மூடிக் கும்பத்தடியில் வைப்போம். விஜயதசமி விடிய வாசிக்கிறவர்தான் வந்து எடுக்க வேண்டும். அதற்கு முன் திறந்தால், திறந்தவரைப் புத்தகம் எடுத்துக்கொள்ளும். உயிரோடு இருப்பவருக்கு அத்தியாயம் எழுதிவிடும். அப்பா எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்ன ஒரே எச்சரிக்கை இதுதான்.

போன வருடம் வாக்கிய பஞ்சாங்கத்தில் விஜயதசமி வெள்ளிக்கிழமை. திருக்கணிதத்தில் வியாழன். எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாக வாக்கியம்தான். நாள் பார்த்துச் சொல்வது எப்போதும் என் வேலை. புதன்கிழமை பின்னேரம் சுபோதினி போன் எடுத்தாள்.

"அக்கா, எங்கட வீட்டுக் கலண்டரில வெள்ளி எண்டு போட்டுக் கிடக்கு."

"அது திருக்கணிதக் கலண்டராயிருக்கும். நாங்கள் எப்பவும் வாக்கியம் தானே. வியாழன் விடிய வா."

"சரி. அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். கத்தி இல்லை, நஞ்சு இல்லை. ஒரு நாள் முந்திச் சொன்னேன்.

புத்தகத்தின் கதை உனக்குத் தெரியக் கூடாது என்பதால் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நீங்கள் கோயிலைச் சுற்றியே தேடியது அதனால்தான். ஏழு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கால் கழுவினாள், பாயில் இருந்தாள். நான் குசினி வாசலில் கடலைச் சட்டியோடு நின்றேன். துணியை விலக்கிப் புத்தகத்தைத் திறந்து இரண்டு வரி வாசித்தாள். நிறுத்தினாள்.

"அக்கா, எழுத்தெல்லாம் ஈரமாக் கிடக்கு."

கையை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்கு என்ன நாள் அக்கா?"

அப்போது நான் பொய் சொல்லவில்லை. "நவமி" என்றேன்.

அவள் கத்தவில்லை. "யதுஷா வேலையால வந்து தேடுவாள்" என்றாள். பிறகு பாய் மட்டும் இருந்தது. புத்தகம் தானாக மூடிக்கொண்டது. தூக்கிப் பார்த்தேன். ஒரு விரல் தடிப்புக் கூடியிருந்தது. போன கிழமை அவ்வளவு அழகாகப் போட்ட உறை பற்றவில்லை, முதுகுப் பக்கம் வெடித்துவிட்டது. கடலை தாளித்து முடித்த பிறகு புது உறை வெட்டினேன்.

அன்று பின்னேரம் நீ போன் எடுத்து அழுதாய். இங்கே வரவில்லை என்றேன். மூன்று தடவை உன்னோடு பொலிஸுக்கு வந்தேன். காணவில்லை நோட்டீஸ் ஒட்டுவதற்குக் கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூச்சி பிடிக்காமல் மயில்துத்தமும் கலந்து, ஒரு பேணி நிறையத் தந்தேன். அவ்வளவும் உனக்குத் தேவைப்படவில்லை. மிச்சத்தைக் கொண்டுவந்து திருப்பித் தந்தாய். உன்னை நல்ல பழக்கத்தோடு வளர்த்திருக்கிறாள்.

அந்த மிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் அத்தியாயம் கடைசியில் இருக்கிறது. இப்போது எனக்கு எல்லா எழுத்தும் தெரியும். முதல் வரி தவறிக் கண்ணில் பட்டுவிட்டது: "அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும்." அதற்கு மேல் நான் போகவில்லை. வாசித்தால் அவள் வருவாள். நீயும் ஞாயிறு தோறும் வந்து அவளைப் பார்க்கலாம். அவளுக்கு உன்னைத் தெரியாவிட்டாலும் உனக்கு அவளைத் தெரியும். அந்த ஆறுதலை உனக்குத் தந்திருக்கலாம் என்பதும் விளங்குகிறது. ஆனால் அவள் வந்து நின்றால் அப்பா யாரோடு கதைப்பார்? எட்டு வருடம் பார்த்துவிட்டேன். அதனால் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டேன். நோட்டீஸ் ஒட்டிய அதே பசை. நான் ஒட்டினால் பிரியாது என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பிறகு புத்தகம் உனக்குத்தான் வரும். தண்ணீரில் நனைத்துப் பார்க்காதே, எழுத்தும் சேர்ந்து கரையும்.

வெள்ளிக்கிழமை, உண்மையான விஜயதசமியன்று, விடிய எழும்பித் தோய்ந்து, உப்புத் தண்ணீரில் நாலு தரம் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுப் பாயில் இருந்து அப்பாவின் அத்தியாயத்தை வாசித்தேன். குரல் கரகரக்கவே இல்லை. அப்பா வந்தார். கதிரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, சுபோ வரேல்லையே?" என்றார்.

"வருவாள் அப்பா. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"அவள் வரட்டும்" என்றார்.

நீ கண்ட ஆறின கோப்பை அதுதான். பதினொரு மாதமாக ஞாயிறு தோறும் போட்டு வைக்கிறேன். ஒரு வாய் குடித்ததில்லை. வேறு ஒரு கதையும் இல்லை, அவளைத்தான் கேட்கிறார். அதற்காக நீ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம், யதுஷா. கேட்கும்போது என்னைத்தான் பார்க்கிறார்.