சுட்டுவிரலும் ஸ்பேனரும்

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் இவ்வளவு சூடாகக் கிடைக்காது.

ஒசாகாவில் எழும்பிவரும் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் பாதுகாப்பு அதிகாரி. மேலிருந்து விழும் பொருள்களைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவர் அங்கே கிடையாது. எட்டாவது மாடியிலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால், தரையைத் தொட இரண்டு நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஹெல்மெட்டெல்லாம் அதற்கு முட்டை ஓடுதான்.

தினமும் காலையில் உடற்பயிற்சி முடிந்ததும் ஆட்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்பார்கள். எதிரில் இருப்பவரின் ஹெல்மெட், தாடைப்பட்டை, ஸ்பேனரை இடுப்போடு பிணைக்கும் கயிறு என ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, "சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். விரல் நீளும், வாய் கத்தும், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். பல மாதங்களாகவே எனக்கு அந்தச் சந்தேகம்.

சாரம் கட்டும் குராமோச்சியிடம் இதைச் சொன்னேன்.

"தடோகோரோ அண்ணே, மேகத்துக்கும் ஒரு கயிறு கட்டிவிடுங்க. விழுந்துதொலைக்கப் போகுது" என்றார் என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வாயில் காவலர் ஹாடோரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க கெடக்குறாங்க. நீங்க சொல்லுங்க சார், நான் கேக்குறேன்" என்று தாடைப்பட்டையை இறுக்கிக்கொண்டார். அவரை எனக்குப் பிடிக்கும்.

ஊதுகிற சங்கை ஊதுவோம் என்று அதன்பிறகும் ஒரு மாதம் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை, உடைமாற்றும் அறையில் மாட்டியிருந்த குராமோச்சியின் பெல்ட்டில் ஸ்பேனரைப் பிணைக்கும் கயிற்றை அறுத்தேன். மறைத்து அறுக்கவில்லை. ஒரு சாண் நீளம் தொங்கும்படி விட்டேன். கண் உள்ள எவருக்கும் தெரிந்திருக்கும். குராமோச்சி பெல்ட்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டார். எதிரில் நின்றவர் அறுந்த நுனிக்கு நேராக விரலை நீட்டி, "சரி" என்றார்.

நான் காத்திருந்தேன். ஒரே ஒருவர் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யார் குற்றவாளி என்று நீங்களே சொல்லுங்கள்.

பத்தரை மணிக்கு ஸ்பேனர் விழுந்தது. கீழே ஹாடோரி அம்மா நின்றிருந்தார். தாடைப்பட்டை இறுக்கமாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

இப்போது அங்கே எல்லோரும் குனிந்து, கயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் "சரி" சொல்கிறார்களாம். கேட்க நிம்மதியாக இருக்கிறது.

சாரத்துக்கு அடியில் யாரும் போகாதபடி கட்டியிருந்த சிவப்புத் தடுப்பை யார் அவிழ்த்தது என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். குராமோச்சியைச் சந்தேகிக்க வேண்டாம். நான்தான் அவிழ்த்தேன். வெறும் தரையில் விழுந்திருந்தால் மறுநாளும் சிரித்திருப்பார்கள்.

மதியம்வரை அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்று ஹாடோரி அம்மாவிடம் சொன்னதும் நான்தான். நான் சொன்னால் கேட்பவர் அங்கே அவர் ஒருவர்தானே.