அப்பாவின் அணியை வெளியேற்றிய மகள்

அப்பாவின் அணியையே போட்டியிலிருந்து வெளியேற்றும் பெண்ணை மெச்சுவதா, கண்டிப்பதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பீன்யா ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிய ஃபேக்டரி சீருடைக்காரர் என் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் மகள். அவள் நீட்டிய கல்லூரி விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அன்றுதான் கடைசி நாள்.

“ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டா? பந்தைப் பிடிக்கவே தெரியாது உனக்கு!”

“பிடிக்கிறவங்களுக்கு கிரவுண்டு, அம்பயர், ஆம்புலன்ஸ், ஸ்பான்சர் எல்லாம் யாருப்பா ஏற்பாடு பண்றது? அதுக்குத்தான் படிப்பு. கிளப்புல, லீக்ல வேலை இருக்கு.”

“நம்ம ஏரியா டோர்னமென்ட்டை நீ நடத்தின லட்சணத்தைத்தான் பார்த்தேனே! இருபது நிமிஷம் லேட்டுன்னு எங்க டீமையே வீட்டுக்கு அனுப்பிட்ட. கேப்டன் உங்கப்பன்!”

“உங்க ஷிப்டுக்காகத்தானே மேட்சையே தள்ளி வெச்சேன்? நீங்க வழியில டீ குடிச்சீங்க.”

“யார் சொன்னா?”

“உங்க டீம் விக்கெட் கீப்பர்.”

அவர் சிரித்துவிட்டார். “பேனா குடு. அப்பனுக்கே சலுகை இல்லைன்னா, வேற எவன் உன்னை ஏமாத்த முடியும்?”

என் ஆறு வயது மகள் பூங்காவில் ஊஞ்சல் ஆடுவதில்லை. அடுத்து யார் ஆடணும் என்று மற்ற பிள்ளைகளுக்கு முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். நான்தான் அவளைத் தூக்கி ஊஞ்சலில் உட்கார வைக்கிறேன். இனி முறை வைக்கவே அவளை விட்டுவிடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.