வெட்டிய இடம் தெரியாமல்

வீட்டில் எடுக்கும் வீடியோ எதுவானாலும் பாதிக்குப் பாதி தரையைத்தான் காட்டும். நிறுத்த மறந்த கேமராவில் செருப்புகளும் நாற்காலிக் கால்களும் ஓடிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, டிவிடி ஆக்க நானே கற்றுக்கொண்டேன். அம்மா ஏன் உன்னை ஒருதரம்கூடத் தூக்கவில்லை என்று கேட்டாயே மகளே, அதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சித்தப்பா வீட்டு நீச்சல் குளத்தில் உன் அண்ணன் மூழ்கி இறந்தபோது நீ கைக்குழந்தை. எல்லோரும் விருந்துக்குப் போயிருந்தோம். கேமரா என் கையில் இருந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்: "நான் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே உள்ள போனேன்?"

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"கேசட்ல இருக்கும். போட்டுக் காட்டுங்க."

"டிவிடியா போட்டுத் தரேன், இரு" என்றேன். முதலில் நான் மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன்.

இருந்தது. படத்தில் வெறும் தரை. அவள் குரல் மட்டும் தெளிவாக. "ஏங்க, பையன் தண்ணிப் பக்கம் நிக்கறான். பாத்துக்கோங்க, துண்டு எடுத்துட்டு வந்துடறேன்."

"நான் பாத்துக்கறேன், நீ போ." இது என் குரல்.

அதன்பின் கேமரா நிமிர்ந்து, வீட்டுக்குள் போகும் அவள் முதுகைக் காட்டியது. பிறகு சித்தப்பாவின் புதுக் காரைப் படம் பிடித்திருந்தேன். நிதானமாக, நாலு பக்கமும்.

அந்தப் பேச்சை வெட்டினேன். பக்கத்திலிருந்த சிரிப்புச் சத்தத்தை இழுத்து அதன்மேல் போர்த்தினேன். பிறகு லென்ஸை மூடிவிட்டு, அதே கேசட்டின் மேல் இருட்டைப் பதிவு செய்தேன்.

அம்மா பார்த்தாள். வீட்டுக்குள் போகும் அவளுடைய முதுகு மட்டும் அதில் இருந்தது.

"சொல்லாமத்தான் போயிருக்கேன்" என்றாள். அழவில்லை.

அன்றிலிருந்து அவள் உன்னைத் தொடவில்லை. நீ தத்தித் தத்தி அவளிடம் போவாய். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். "இவளை என்னை நம்பி விடாதீங்க" என்பாள். சொந்தக்காரர்கள் ஜாடையாகப் பேசியபோதெல்லாம் நான்தான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். இருவரும் உடைந்து உட்கார்ந்தால் உன்னை யார் வளர்ப்பது? ஒருவராவது நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் கண்மூடும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற ஆளா இருந்தா என்னை விரட்டியிருப்பாங்க. நீங்க ஒரு சுடுசொல் சொல்லல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிம்மதியாகப் போகிறவளை எதற்குக் கலைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். உன் அம்மாவை நான் என்றைக்கோ மனதார மன்னித்துவிட்டேன்.