தலைவர் குரலில் பேசியது யார்?

என் குழப்பத்தைக் கூட்டத்தில் கொட்டப்போகிறேன் என்று தெரிந்தும் என்னை மேடையேற்றிய துணிச்சல்காரத் தலைவர் அவர்களே! கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக் கரைசேர்த்த மூத்த தையற்கலைஞர்களே! அடுப்பை அணைத்து, மெஷினை நிறுத்தி, அலுப்பையும் மறந்து வந்திருக்கும் தாய்மார்களே! தம்பி தங்கையரே! தலைதாழ்ந்த வணக்கம்!

இணையவழிப் பண மோசடி பற்றி விழிப்புணர்வு உரையாற்றச் சொன்னார்கள். விழிப்பாக இருந்தவனை அழைத்திருக்கலாம். திருதிருவென்று முழிப்பவனை அழைத்துவிட்டார்கள்! ஆம், உங்கள் சங்கப் பொருளாளனான நான்தான் ஏமாந்தவன்.

நம் தொழில் எப்படிப்பட்டது? கையில் துணி, காலில் மிதி, வாயில் குண்டூசி! போன் அடித்தால் எடுக்கிறோமா? எடுப்பதில்லை! எல்லாவற்றுக்கும் வாய்ஸ் மெசேஜ்தான். தலைவர் நம் குழுவில் மூன்று வருடமாகப் பேசியதை வரிசையாகக் கேட்டால் ஒரு வாரம் ஆகும். சிரிக்காதீர்கள்... சரி, அவரே சிரிக்கிறார்! அந்தக் குழுவில் நூல் வியாபாரி என்று சொல்லி ஒருவன் சேர்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான்.

போன மாதம் ஒரு நாள், கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். ஏதோ புது எண்ணிலிருந்து தலைவர் குரலில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மாப்ள, காஜா அக்கா கண் ஆபரேஷனுக்கு இன்னைக்கே பணம் கட்டணுமாம். நம்பர் அனுப்பியிருக்கேன், உடனே போட்டுவிடு. டாக்டர் ரூம்ல இருக்கேன், கூப்பிடாத."

அதே இருமல்! அதே இழுப்பு! அதே "மாப்ள"! வாயிலிருந்த ஊசியைக்கூட எடுக்கவில்லை, அனுப்பிவிட்டேன். நாற்பது வருடம் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தே கண் மங்கிய அக்காவுக்காக ஆளுக்கு ஒரு நாள் கூலி போட்டுச் சேர்த்த பணம், அன்பர்களே!

மாலையில் அக்கா கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குப் பணம் வரலையாமே?" தலைவரைக் கேட்டேனா? கேட்கவில்லை! வங்கிக்குச் சொன்னேனா? சொல்லவில்லை! இருபது வருடத் தோழனே அமுக்கிவிட்டானோ என்று இரண்டு நாள் உள்ளுக்குள் வெந்தேன். மூன்றாம் நாள் அக்காதான் என்னைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போனார். அதற்குள் பாதிப் பணம் கைமாறிக் கைமாறிக் காணாமல் போயிருந்தது. மீதியை வங்கி முடக்கி மீட்டுத் தந்தது. அது ஒரு கண்ணுக்குத்தான் போதும் என்கிறார் டாக்டர்.

"பழைய பேச்சைக் கருவியில் போட்டு அச்சு அசலாகக் குரல் செய்கிறார்கள்" என்றார் அதிகாரி. புத்திக்குப் புரிகிறது, பாழாய்ப்போன காதுக்குப் புரியவில்லையே! நேற்றும் அந்த மெசேஜைப் போட்டுக் கேட்டேன். இவர்தான்! இல்லை, இவரில்லை! ஐயோ, எதை நம்புவேன்? அது தன் குரல் இல்லை என்று அதிகாரியிடம் சொன்ன தலைவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முன்வரிசையில் என்ன சத்தம்? அக்காவா? உரக்கச் சொல்லுங்கள்!

"ஏம்ப்பா, ஊருக்கே சொல்றியே, அவன்கிட்ட கேட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

கேட்கிறேன்! தலைவரே, எல்லார் முன்னிலையிலும் கேட்கிறேன். அது நீங்களா?

மைக் இல்லாமல் சொல்கிறார், பின்வரிசைக்கு நானே சொல்கிறேன்: "நான் இல்லடா மாப்ள. உன் இடத்துல இருந்தா நானும் அனுப்பியிருப்பேன்."

மன்னியுங்கள்... கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஒரு நிமிடக் கேள்வி! அதைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று! ஆகவே சொல்கிறேன், மெஷினை நிறுத்துங்கள்! பணம் கேட்பது பெற்ற தாயின் குரலானாலும், உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்! எடுக்கவில்லையா? எழுந்து போய் முகம் பார்த்துக் கேளுங்கள்! ஏமாந்தீர்களா? அந்த நொடியே வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள்! வெட்கப்பட்டு உட்கார்ந்தால் திருடனுக்குத்தான் லாபம்.

என் காது இன்னும் குழம்பித்தான் கிடக்கிறது, கிடக்கட்டும். திங்கட்கிழமை அக்காவுக்கு வலது கண் ஆபரேஷன். தலைவரும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து அழைத்துப்போகிறோம். இடது கண்ணுக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. அதை உங்களிடம் கேட்டு, பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!