வில்லை எடுத்தவன்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு மீனவர்கள் ஒரே செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருந்தார்கள். எங்கோ காட்டில் தனித்து வாழும் பழங்குடி ஆள் ஒருவன், தன்னைப் படம்பிடிக்க வந்த விமானத்தை நோக்கி வில்லை வளைக்கும் படம் அது.

“டூப்பு மாமா! சாயத்தப் பூசி நிக்க வெச்சிருக்கானுவோ,” என்றான் இளையவன்.

“நிக்க வெச்சா பொய்யாயிடுமா மச்சான்?”

“பின்ன?”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சுனாமில புள்ளயப் பறிகுடுத்துட்டு உங்கக்கா அழுத போட்டோ பேப்பர்ல வந்துச்சே. மொத தடவ எடுத்தப்ப வெளிச்சம் சரியில்லன்னான் போட்டோக்காரன். பேப்பர்ல வந்தாத்தான் ஊருக்கு உதவி வரும்னான். புள்ள சட்டைய அவ கையில குடுத்து, இன்னொரு தடவ அழுன்னு சொன்னது நான்தான்.”

“அய்யோ, மாமா!”

“அழுதா. அதுவும் நெசந்தான். அதுக்கப்புறம் எம் முன்னாடி அவ அழுததேயில்ல.”

இளையவன் செய்தித்தாளை மடிக்கப் போனான். பெரியவர் விடவில்லை. படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இவன் பாரு, போட்டோ புடிக்க வந்தவன் மேல வில்ல எடுத்திருக்கான். நான் வந்தவனுக்கு சேர் எடுத்துப் போட்டேன், மச்சான்.”